எழுநூறு வாய்கள் உள்ள பெட்டி

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ட்ரம்பெட்காரரின் மேல்வரிசைப் பல் செட் ஏரியில் விழுந்தது. புதிய படகுத்துறையின் திறப்பு விழா. நகரசபை பேண்ட் குழு ஒரு படகில் நின்று வாசித்தது. ட்ரம்பெட்காரர் உச்ச ஸ்வரத்தைப் பிடித்து, பிடித்ததை விடாமல் நீட்டி முடித்து, வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்த கையோடு ஒரு தும்மல் போட்டிருக்கிறார். பல் செட் பறந்து போய்த் தண்ணீரில் மூன்று முறை தத்தி, நாலாவது தடவை மூழ்கியதாம். அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக் கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த ஏரியில் இன்றைக்கும் ஒரு கெண்டை மீன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு திரிகிறது. நானே பார்த்தேன். இரண்டு தடவை.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் மனிதர் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் கூடம் என்றால் பல் செட் செய்யும் கூடம். மொத்தம் மூன்று பேர். பல்லைக் கம்ப்யூட்டரில் வரைகிறவன் நான். அதை மிஷினில் வெட்டி, ராவி, மெருகேற்றுகிறவர் அண்ணன். முன்மேஜையில் அண்ணி. டெலிபோன், ரசீது, வாடிக்கையாளர்களின் புலம்பல் எல்லாம் அவர் பொறுப்பு. இதற்கு மேல் அவருக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. எனக்கும் அண்ணனுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் நடுவில் எட்டடி. அந்த எட்டடியைத் தாண்டவேண்டிய சொல் ஒவ்வொன்றும் அண்ணி வழியாகத்தான் போகும்.

"அண்ணி, கீழ்த்தாடை ரெடி. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

"கேட்டுச்சா? கீழ்த்தாடை ரெடியாம்."

"கேட்டுச்சு. நேத்தே ஏன் முடிக்கலைன்னு உன் கொழுந்தனைக் கேளு."

"நேத்தே ஏன்..."

"கரண்ட் இல்லைன்னு சொல்லுங்க அண்ணி."

ஒரு தடவை அண்ணிக்குத் தொண்டை கட்டி மூன்று நாள் குரலே வரவில்லை. அந்த மூன்று நாளில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு இரண்டு கீழ்த்தாடை செய்துவிட்டோம். மேல்தாடை ஒன்றும் இல்லை. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தீர்ப்பை ஒத்திவைத்தார்.

"ஃபனிக்கிழமை," என்றார் ட்ரம்பெட்காரர், அண்ணியின் மேஜையைப் பிடித்துக்கொண்டு. "ஃபனிக்கிழமை காலைல ஃபரீட்ஃபை."

அவர் பேசியதை இனிமேல் நான் பல் வைத்தே எழுதுகிறேன். எங்கள் தொழில் அது.

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்குப் பரீட்சை. முன்வரிசையில யாரு நிக்கறதுன்னு பேண்ட் மாஸ்டர் முடிவு பண்றாரு. உச்ச ஸ்வரம் நிக்கலைன்னா என் கையில தாளத்தட்டைக் குடுத்துப் பின்னால நிறுத்திடுவாங்க. இருபத்தாறு வருஷமா முன்வரிசைம்மா நான். ட்ரம்பெட்டு, மாஸ்டரோட மாப்பிள்ளைக்குப் போயிடும்."

"மாப்பிள்ளை நல்லா வாசிப்பாரா?" என்று அண்ணி கேட்டார்.

"லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்த அளவுக்கு வாசிப்பான்."

ட்ரம்பெட் ஊதுகிறவருக்குப் பல் மெல்லுவதற்கு மட்டும் இல்லை. உதடு அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் காற்றை அறுக்கிறது. பல் ஒரு நூல் நகர்ந்தாலும் ஸ்வரம் வேறெங்கோ போய்விடும். புதிதாக அளவெடுத்துப் புதுப் பல் போட்டால் உதடு பழக ஆறு மாதம் ஆகும். அவரிடம் இருந்தது மூன்று நாள் கூட இல்லை. ஆகவே வேண்டியது புதுப் பல் இல்லை. அச்சு அசலாக, ஏரியில் விழுந்த அதே பல். அதன் வரைபடம் எங்கள் பெட்டியில் இருந்தது.

அந்தப் பெட்டியைச் சொல்லவேண்டும். இரண்டு செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரம். அலமாரிக்கு மேல் உட்கார்ந்து, ஒரு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, நெட்வொர்க் வயர் வழியாகப் பன்னிரண்டு வருஷமாக ஃபைல்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் எழுநூற்றுச் சொச்சம் வாய்கள். ஊரில் யார் சிரித்தாலும் பாதிச் சிரிப்பு அதிலிருந்து வெளிவந்ததுதான். எப்போதும் சூடாக இருக்கும். மழை நாட்களில் அண்ணி அதன்மேல் கைக்குட்டை காயப்போடுவார். ஒருமுறை இடி விழுந்து தெருவில் இருந்த டி.வி. எல்லாம் கருகிப்போயின. இது மட்டும் ஒரு ஏப்பம் விட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தது.

பழைய கம்ப்யூட்டர் அதோடு ஒற்றுமையாகத்தான் இருந்தது. அதைப் பிரித்தவன் அப்டேட்.

அப்டேட் என்பது அண்ணியின் தம்பி. ஐம்பது வயது, தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை. எந்தக் கோளாறுக்கும் அவன் சொல்லும் மருந்து ஒன்றுதான் என்பதால் அதுவே பெயராகிவிட்டது. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "கடைசியா எப்ப அப்டேட் பண்ணீங்க?" என்று டாக்டர் இவனைக் கேட்கவில்லை, இவன் டாக்டரைக் கேட்டான். இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்து எங்கள் பழைய கம்ப்யூட்டரின் முதுகைத் திறந்து பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "செத்துப்போச்சு மாமா. நானே கொண்டுபோய்க் குப்பையில போட்டுடறேன்," என்றான். புதிது ஒன்றை வைத்துவிட்டு, பழையதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். பெட்டியை அப்புறமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றான். இரண்டு வாரமாக யாருக்கும் பழைய வாய் தேவைப்படாததால் நாங்களும் அதை மறந்திருந்தோம்.

புதன் மத்தியானம் அவனை வரவழைத்தோம். விரலை ஒரு முறை நீவிக்கொண்டு புதுக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். பெட்டியைத் தேடினான். கம்ப்யூட்டர் யோசித்தது, பிறகு அப்படி ஒரு பெட்டி இந்த உலகத்திலேயே இல்லை என்றது. நாங்கள் நாலு பேரும் அலமாரியைப் பார்த்தோம். பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டியது. பெட்டியின் நெட்வொர்க் எண்ணை நேராகத் தட்டி மறுபடி கேட்டான். இந்தத் தடவை, அது இருக்கிறது, ஆனால் அதனோடு பேசுவது பாதுகாப்பு இல்லை என்றது.

"அதான் விஷயம்," என்றான் அப்டேட், கண்டுபிடித்த சந்தோஷத்தில். "உங்க பெட்டி பழைய பாஷை பேசுது மாமா. ஃபைல் வாங்க, குடுக்க ஒரு பாஷை இருக்கு. இது அதுல முதல் பாஷை. புதுசு அதைப் பேசாது."

"புதுசுக்கு அந்த பாஷை தெரியாதா?" என்றேன்.

"தெரியும். ஆனா பேசக்கூடாதுன்னு கம்பெனி உத்தரவு."

"தெரிஞ்சும் பேசமாட்டேங்குதா?"

"ஆமா."

அண்ணி டெலிபோனைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம வீட்டுக்குப் பொருத்தமாத்தான் வாங்கிட்டு வந்திருக்கே."

அண்ணன் ராவிக்கொண்டிருந்த பல்லை இன்னும் கொஞ்சம் வேகமாக ராவினார்.

"அந்த பாஷையைத் திறந்துவிட வழி இல்லையான்னு உன் தம்பியைக் கேளு," என்றார். அண்ணனுக்கும் அப்டேட்டுக்கும் பேச்சுவார்த்தை உண்டு, இருந்தாலும் பழக்கம்.

"இருக்கு மாமா. ஒரு கட்டத்துல டிக் போட்டா போதும். ஆனா போடக்கூடாது. திறந்துட்டா உலகத்துல இருக்கற திருடன் பூரா உள்ள வந்துடுவான்."

"வந்து?" என்றார் அண்ணி.

"ஃபைலை எல்லாம் அள்ளிட்டுப் போயிடுவான்க்கா!"

"எழுநூறு பேரோட பொய்ப் பல்லை அள்ளிட்டுப் போய் அவன் யாரைக் கடிக்கப்போறான்?"

மூலையில் உட்கார்ந்திருந்த ட்ரம்பெட்காரர் எழுந்து வந்து அப்டேட்டின் தோளில் கை வைத்தார். வாயை மட்டும் திறந்து காட்டினார். அதைப் பார்த்தபின் கொள்கை பேச யாருக்கும் மனசு வராது. டிக் போட்டான்.

கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கவேண்டும் என்றது. தொடங்கியது. தொடங்கும்போதே ஒரு அப்டேட் போட்டுக்கொண்டது. நாற்பது நிமிஷம். திறந்து பார்த்தால் டிக் இல்லை. மறுபடி போட்டான். மறுபடி நாற்பது நிமிஷம். மறுபடி டிக் இல்லை. மூன்றாவது தடவை டிக்கோடு சேர்த்து அந்தக் கட்டத்தையே காணோம். புதன்கிழமை இப்படியே போயிற்று.

இந்த இடத்தில் எங்கள் சண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தொடங்கியதே இந்த ட்ரம்பெட்காரரின் இந்தப் பல்லில்தான்.

அவருக்குச் சொந்தப் பல் இருந்த காலத்தில், மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல் கொஞ்சம் கோணல். பேருந்தில் சன்னல் பக்கம் எட்டிப்பார்க்கிற ஆள் மாதிரி வரிசையை விட்டுத் துருத்திக்கொண்டு இருக்கும். அவர் உதடு அதில் பழகியது. ஆகவே செட் வரையும்போது அந்தக் கோணலை அப்படியே வரைந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "கோணல் பல்லைப் போய் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா? பாக்கறவன் நம்ம கூடத்தைப் பாத்துல்ல சிரிப்பான்," என்றார். என் கண் முன்னாலேயே அதை நிமிர்த்தி வேறு ஒரு ஃபைலாக வைத்தார். "அதை நேரா வெட்டினீங்கன்னா இனிமே உங்ககூடப் பேசமாட்டேன்," என்றேன். "பேசாதே போ," என்றார். எனக்குக் காய்ச்சல் வந்து மறுநாள் படுத்துவிட்டேன். நான் எழுந்து வருவதற்குள் செட் ட்ரம்பெட்காரரின் வாய்க்குப் போய்விட்டது. எதை வெட்டினார் என்று நான் கேட்கவில்லை. கேட்பதென்றால் பேசவேண்டுமே.

பார்த்தால் தெரிந்திருக்கும் என்பீர்கள். ட்ரம்பெட்காரருக்கு ஒரு மீசை. அதற்குள் இரண்டு குருவி குடியிருந்தால்கூட வெளியே தெரியாது. போட்டோவில் எல்லாம் வாய்க்கு முன்னால் ட்ரம்பெட். மெருகு போட அவர் வருஷத்துக்கு ஒரு தடவை வரும்போதெல்லாம் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். நேரான பல்லோடு அந்த மனிதர் அருமையாக வாசித்தது எனக்கு இன்னும் எரிச்சல். என் கணக்குப்படி அவர் வாசித்திருக்கவே கூடாது. பதினோரு வருஷம், ஒரு தடவையாவது சுருதி பிசகாதா என்று பேண்ட் கச்சேரிக்கு எல்லாம் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பிசகவில்லை. மனிதனுக்கு நன்றி கிடையாது.

வியாழக்கிழமை அப்டேட் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். பெட்டிக்கு ஏதாவது அப்டேட் உண்டா என்று முதலில் தேடினான். பெட்டி செய்த கம்பெனி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடைசியாக ஒன்று போட்டுவிட்டு, இப்போது இஸ்திரிப் பெட்டி செய்துகொண்டிருந்தது.

"வேற வழி இல்ல. பெட்டியைப் பிரிச்சு உள்ள இருக்கற டிஸ்க்கை எடுத்து நேரா புதுசுல மாட்டிடுவோம்," என்றான்.

பிரித்தான். டிஸ்க்கை எடுத்து ஒரு வயரில் கோத்துப் புதுக் கம்ப்யூட்டரில் சொருகினான். கம்ப்யூட்டர் ஆர்வமாக எட்டிப்பார்த்தது. இந்த டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கோடு போடட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. கீழே இரண்டு பொத்தான். 'சரி' என்பது பெரிதாக, நீலமாக. 'வேண்டாம்' என்பது சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்.

அப்டேட்டின் கை பழக்கத்தில் நீலத்துக்குப் போயிற்று. வாழ்க்கையில் அவன் எந்தக் கேள்விக்கும் 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆனதே அப்படித்தான்.

அண்ணி முன்மேஜையிலிருந்து எப்படி வந்தார் என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டடி தூரம். நடந்ததாகவும் தெரியவில்லை, பறந்ததாகவும் தெரியவில்லை. அப்டேட்டின் புறங்கையில் ரசீதுப் புத்தகம் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"டேய்! எழுநூறு பேர் வாயைத் துடைக்கப் பாத்தியேடா!"

"அக்கா, அது சும்மா கேக்குது..."

"சும்மா கேக்கறதுக்கு நீ சும்மா சரின்னுடுவியா? கழட்டு! எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டி வை!"

ட்ரம்பெட்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அப்டேட் டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். பச்சை விளக்கு திரும்பச் சிமிட்டத் தொடங்கியது.

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டுத் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பேசாத இரண்டு பேருக்கு நடுவில் குடித்தனம் நடத்துவது பற்றி அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

"நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இந்தப் பெட்டி யாருகூடப் பேசும்?"

"பழைய கம்ப்யூட்டர்கூடப் பேசும்."

"பழைய கம்ப்யூட்டர் இந்தப் புதுசுகூடப் பேசுமா?"

"பேசும். அதுக்கு ரெண்டு பாஷையும் தெரியும்."

"அப்ப பழசை நடுவுல உட்கார வச்சா, இங்க வாங்கி அங்க குடுக்குமில்ல? நான் இத்தனை வருஷமா அதைத்தானேடா பண்ணிட்டிருக்கேன்? இதுக்குப் போய் ரெண்டு நாளா டிக்கு, டிக்குன்னு..."

அப்டேட்டின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அது... அதான் செத்துப்போச்சேக்கா. குப்பையில போட்டாச்சு. கடையில ஒரு ஸ்பெஷல் வயர் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்," என்று எழுந்து போனான். போனவன் வரவில்லை. டெலிபோனையும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. மிஷின் பல் வெட்ட ஐந்து மணி நேரம். அண்ணன் மெருகேற்ற மூன்று மணி நேரம். ட்ரம்பெட்காரர் போட்டுப் பார்த்து ஊதிப் பழக ராத்திரி ஒரு பொழுதாவது வேண்டும். மத்தியானத்துக்குள் ஃபைல் வரவில்லை என்றால் தாளத்தட்டுதான். ட்ரம்பெட்காரர் அன்றைக்குக் காலையிலேயே வந்து உட்கார்ந்து, இரண்டு தட்டை அடிக்கிற மாதிரி கையை லேசாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் அப்டேட்டின் கடைக்குப் போனேன்.

கடை வாசலில், 'உங்கள் பழைய கம்ப்யூட்டர் உங்களுக்கு ஆபத்து' என்று ஆளுயரத்துக்கு ஒரு விளம்பரம். உள்ளே அப்டேட் கம்ப்யூட்டரில் ரசீது தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து அதை மறைத்துக்கொண்டு நின்றான். அவன் ஒல்லி. மறைக்கவில்லை.

மௌஸ் தெரிந்தது. அதன் சக்கரம் உடைந்தபோது நான்தான் ஒட்டினேன். எங்கள் கூடத்தில் கைக்குக் கிடைத்தது ஈறு செய்கிற பிளாஸ்டிக்; ரோஸ் நிறம். ஈறு வைத்த மௌஸ் இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

"செத்தவர் நல்லா இருக்காரே," என்றேன்.

"மாமா... அது வந்து... ஒரு ஃபேன் மாத்தினேன், ஓடிடுச்சு."

"எங்க ஃபைலு, ப்ரோக்ராம் எல்லாம்?"

"அழிச்சிட்டேன். ஆனா சிஸ்டம் பழசேதான். கை வைக்கலை."

"ஏன், புதுசு போட்டுக்க வேண்டியதுதானே? பழசு ஆபத்துன்னு வாசல்ல எழுதியிருக்கே."

அப்டேட் குரலைத் தாழ்த்தினான். "என் பிரிண்டர் பழசு மாமா. புதுசு அதுகூடப் பேசாது."

அவனை நான் திட்டவில்லை. நேரம் இல்லை. கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் மௌஸ் வயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. மூன்று நாய்கள் அந்த மௌஸை எங்கள் கூடம் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தன. ஒரு பூனை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

பழசை நடுவில் வைத்தோம். ஒரு வயர் பெட்டிக்கு, ஒரு வயர் புதுசுக்கு. பெட்டி ஒரு முறை உறுமியது. பழசு ஒரு முறை உறுமியது. அவ்வளவுதான், எழுநூற்றுச் சொச்சம் வாயும் திரையில் வந்து வரிசையாக நின்றன. பாஸ்வேர்டு கூடக் கேட்கவில்லை. நாங்கள் அதற்கு வைக்கவே இல்லை. அப்டேட் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் வாய் திறக்கவில்லை. அண்ணியின் மடியில் ரசீதுப் புத்தகம் இருந்தது.

ட்ரம்பெட்காரரின் ஃபோல்டரைப் பழசில் வாங்கிப் புதுசிடம் கொடுத்தேன். திறந்தேன். உள்ளே இரண்டு ஃபைல். 'மேல்தாடை இறுதி.' அது என்னுடையது, கோணல். 'மேல்தாடை இறுதி அண்ணன்.' நேர்.

என் கை என் ஃபைலுக்குத்தான் போயிற்று. பதினோரு வருஷம் காத்திருந்த கை. திரும்பிப் பார்த்தேன். ட்ரம்பெட்காரர் கையில் இல்லாத தாளத்தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் உதடு பழகியிருப்பது அண்ணனின் நேரான பல்லில். அவருக்கு வேண்டியது ட்ரம்பெட். எனக்கு நியாயம் கிடைத்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனின் ஃபைலை மிஷினுக்கு அனுப்பினேன். என் ஆயுசில் நான் செய்த தியாகம் இது ஒன்றுதான்.

மிஷின் சுழலத் தொடங்கியது. அதன் சின்னத் திரையில் பல் வரிசையின் படம் வந்தது. அண்ணன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"டேய்! நிறுத்துடா! நிறுத்து! அது இல்லடா, கோணல்! கோணல் பல்லுடா!"

அண்ணியின் கையிலிருந்து டெலிபோன் விழுந்தது. வைரஸ் வந்துவிட்டது என்று நினைத்து அப்டேட் மெயின் ஸ்விட்சைப் பார்த்து ஓடினான். நான் மிஷினை நிறுத்தினேன். அப்புறம்தான் புரிந்தது, அண்ணன் கத்தியது என்னைப் பார்த்து. நேராக.

"நீங்கதானே நிமித்தினீங்க?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எவன் நிமித்தினான்? நீ வரைஞ்சதைத்தானேடா வெட்டிக் குடுத்தேன்! ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன், நீ சொன்னது சரின்னு பட்டுச்சு. வெட்டிட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொல்லி அனுப்பினேனே!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணியைப் பார்த்தோம்.

அண்ணி டெலிபோனை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். ரசீதுப் புத்தகத்தை நேராக அடுக்கினார்.

"சொன்னாரு," என்றார். "'கோணலாவே வெட்டியாச்சுன்னு அவன்கிட்ட சொல்லு. அவன் சொன்னதுதான் சரி. ஆனா அவன் ஒரு வடிகட்டின முட்டாள், அதையும் சேத்துச் சொல்லு'ன்னாரு. காய்ச்சல்ல கிடக்கற மனுஷன்கிட்டப் போய் முட்டாள்னு எப்படிச் சொல்றது? சண்டை வந்துடுமேன்னு முழுசையும் விட்டுட்டேன்."

"பதினோரு வருஷமா?" என்றேன்.

"நீங்க கேக்கலையே கொழுந்தனாரே."

"அக்கா பண்ணதுதான் கரெக்ட்," என்றான் அப்டேட், மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்திலிருந்து. "ஒரு வார்த்தை சேஃப் இல்லைன்னா மொத்தத்தையும் தடுத்துடணும். புது சிஸ்டமும் அதைத்தான் பண்ணுது."

நாங்கள் மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். அவன் ஹெல்மெட்டைத் தேட ஆரம்பித்தான்.

"ஐயா," என்றார் ட்ரம்பெட்காரர் மூலையிலிருந்து. "என் பல்லு?"

அவரிடமே முதலில் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்டேன். "எனக்கு எப்படிங்க தெரியும்? என் வாயை நான் உள்ள இருந்துதானே பாத்திருக்கேன்," என்றார். அதுவும் சரிதான்.

என் ஃபைலை அனுப்பினேன். மிஷின் ஐந்து மணி நேரம் வெட்டியது. அண்ணன் இரண்டரை மணி நேரத்தில் மெருகேற்றினார். செட் வாயில் போய் உட்கார்ந்ததும் ட்ரம்பெட்காரர் நாக்கால் அந்தக் கோணலைத் தொட்டுப் பார்த்தார். வெகுநாள் கழித்து வீட்டுச் சாவி கையில் அகப்பட்ட மாதிரி ஒரு முகம். உறையைத் திறந்து ட்ரம்பெட்டை எடுத்து, கூடத்துக்கு நடுவிலேயே நின்று உச்ச ஸ்வரத்தைப் பிடித்தார். அலமாரியில் இருந்த பிளாஸ்டர் தாடைகள் எல்லாம் கடகடவென்று ஆடின. பழைய கம்ப்யூட்டர் அசையவில்லை. புதுசு பயந்துபோய்த் தானாகவே ஒரு அப்டேட் போட்டுக்கொண்டது.

சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். மாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ட்ரம்பெட்காரர் பிடித்த ஸ்வரம் முடிவதற்குள் கடிகாரம் நின்றுபோய், அவர் அதற்குச் சாவி கொடுத்து, பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டுத் திருத்தி வைத்தார். மாப்பிள்ளைக்குத் தாளத்தட்டு கிடைத்தது. அவரும் நன்றாகத்தான் அடிக்கிறார். மாமனார் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அடிக்கிறார்.

திங்கட்கிழமை அண்ணி ராஜினாமா செய்தார். டெலிபோனும் ரசீதும் உண்டு, தூது கிடையாது. "இனிமே என் வழியா ஒரு வார்த்தை போகாது. நேராப் பேசிக்கிட்டா பேசிக்குங்க, இல்லைன்னா நடுவுல வேற யாரையாவது வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கும் அண்ணனுக்கும் சங்கடமாகிவிட்டது. பதினோரு வருஷக் கோபத்தை ஒரு பல்லுக்காக ஒரே நாளில் விட்டுவிட முடியுமா? அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. மத்தியானம் அண்ணன் எழுந்து போய் ட்ரம்பெட்காரரின் பிளாஸ்டர் தாடையை எடுத்துவந்து, எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் வைத்தார்.

"கீழ்த்தாடை ரெடியான்னு அவனைக் கேளு," என்றார் தாடையிடம்.

"ரெடின்னு சொல்லு," என்றேன் நான், அதே தாடையிடம்.

பழைய கம்ப்யூட்டரும் நடுவிலேயே இருந்துவிட்டது. அப்டேட் இப்போது கடையில் புதுசு வைத்திருக்கிறான். பிரிண்டர் அதோடு பேசுவதில்லை. ரசீதைக் கையால் எழுதுகிறான்; எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

எங்கள் வேலையும் முன்னைவிட வேகமாக நடக்கிறது. அண்ணிக்குத் தெரிந்த இங்கிதம் தாடைக்குத் தெரியாது. நடுவில் எதையும் நிறுத்திவைப்பதில்லை. முட்டாள் என்கிற சொல் இப்போதெல்லாம் நாளைக்கு நாலு தடவை முழுசாக வந்து சேர்கிறது.